பூட்டு இருக்கட்டும், நடுவர் அவர்களே!

(தலைப்பு: நிபுணர்கள் கூடும் இணையக் கேள்வி-பதில் தளங்களில், ‘எது நல்லது?’ என்று கருத்துக் கேட்கும் கேள்விகளை, மேற்கொண்டு யாரும் பதில் எழுத முடியாதபடி மூடலாமா, திறந்தே விடலாமா? ‘மூடத்தான் வேண்டும்’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற வணக்கங்களை எல்லாம் எதிரணி சொல்லிவிட்டது, அதையே எனக்கும் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தம்பி, “கேட்பது மனிதனின் உரிமை, அதற்கு ஏன் பூட்டு?” என்றார். கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். அந்த உரிமை முழுசாகக் கிடைத்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

நிரல் எழுதப் பழகும் பெண். மறுநாள் காலையில் வேலையை ஒப்படைக்க வேண்டும். ராத்திரி ஒரு தளத்துக்கு வந்து, “வரியை உள்ளே தள்ளி எழுத டேப் நல்லதா, ஸ்பேஸ் நல்லதா?” என்று கேட்டார். வரி தொடங்கும் இடத்தில் எந்த விசையைத் தட்டி இடம் விடுவது, அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் “டேப்” என்றார். சரி. அடுத்தவர், “ஸ்பேஸ். டேப் போடுகிறவர்களை நான் வேலைக்கே எடுப்பதில்லை” என்றார். இந்தப் பெண்ணோ வேலை தேடிக்கொண்டிருப்பவர்! மூன்றாமவருக்கு டேப்பும் வேண்டாம், ஸ்பேஸும் வேண்டாம். “முதலில் எந்த எடிட்டரில் எழுதுகிறீர்கள்? கோளாறே அங்கேதான்” என்றார். போச்சு. எடிட்டர் என்றால் நிரலைத் தட்டி எழுதும் மென்பொருள். வி.ஐ., ஈமாக்ஸ் இரண்டுமே 1976-இல் பிறந்த எடிட்டர்கள். அத்தனை வருடத்துப் பங்காளிச் சண்டை, அன்றைக்கு அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே வந்து பாய் விரித்தது.

நான்காமவர் நல்லவர், சண்டைக்கே போகவில்லை. மூன்றாமவர் எழுதியதில் ஒற்றுப்பிழை இருப்பதை மட்டும் சுட்டிக்காட்டினார். ஐந்தாமவர், அது பிழையே அல்ல என்று இலக்கண விதியோடு வந்து இறங்கினார்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, “ஐயா, கடைசியில் நான் எதைப் போடட்டும்?” என்று எழுதினார். உடனே ஐந்தாமவர், “நீங்கள் யாரம்மா, நடுவில் வந்து பேசுவது?” என்றார்.

நடுவர் அவர்களே, கேள்வியே அவருடையது! வீட்டுக்காரர் கதவைத் தட்ட, உள்ளே உட்கார்ந்திருக்கும் விருந்தாளி “யார் வேண்டும்?” என்று கேட்ட மாதிரி இல்லை? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். கேட்டவரையே பார்த்து, “நீங்கள் யார்?” என்றார்கள்! தம்பி இதைத்தான் ‘உரையாடல்’ என்றார்.

விடிந்தது. யார் மனமும் கோணக் கூடாது என்று அந்தப் பெண் பாதி டேப், பாதி ஸ்பேஸ் போட்டு அனுப்பினார். எழுதியது பைதான் 3 என்ற நிரல் மொழியில். அது இரண்டையும் தாறுமாறாகக் கலந்தால் ஓடாது, ‘டேப் எரர்’ என்று முகத்திலேயே அடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே தள்ளும் ஒவ்வொரு நிலைக்கும் 4 ஸ்பேஸ் என்று பைதானின் நடை வழிகாட்டி 2001-இலேயே சொல்லிவிட்டது. தளத்தை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர் ஒருவர் வந்து, “எந்த மொழி என்று சேர்த்து எழுதுங்கள்” என்று கேள்வியை மூடியிருந்தால், அந்தப் பெண் ‘பைதான்’ என்று சேர்த்திருப்பார். கேள்வி மறுபடி திறந்திருக்கும், ஒரு வரியில் பதில் வந்திருக்கும். மூடுவது என்றால் அழிப்பது இல்லையே!

அப்புறம் தம்பி ஒரு குத்துக் குத்தினார். “பதில் தெரிந்தவன் பதில் எழுதுவான், தெரியாதவன் பூட்டைத் தூக்குவான்.” விசில் எல்லாம் பறந்தது. இதை நான் சும்மா விட முடியாது.

2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையே எடுத்துக்கொள்வோம். அங்கே அடுத்தவர் கேள்வியை மூட ஓட்டுப் போட 3000 மதிப்புப் புள்ளி வேண்டும். நம் பதில் ஒருவருக்குப் பிடித்து ஓர் ஆதரவு ஓட்டுப் போட்டால் 10 புள்ளி. கணக்குப் போடுங்கள் தம்பி, கிட்டத்தட்ட 300 ஓட்டு! பதில் தெரியாமலா இதெல்லாம் வந்தது? அதுவும் ஒருவர் ஓட்டு போதாது, 3 பேர் சேர வேண்டும். முன்பு 5 பேர். தனியாக மூடும் அதிகாரம் உள்ள மாடரேட்டர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. தூக்கத்தை விட்டு ஊரான் சண்டையைப் பிரித்துவிடுகிறார்கள், அவர்களுக்கு நாம் வைக்கிற பெயர் பதில் தெரியாதவன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருத்துக்கு எல்லை கிடையாது என்று தம்பி முழங்கினார். நடுவர் அவர்களே, நீங்கள் மணி அடித்தீர்கள், உட்கார்ந்துவிட்டார். ஏன் தம்பி, எல்லைதான் கிடையாதே?

ஊரே ஏன் இப்படிப்பட்ட கேள்விக்கு ஓடிவருகிறது என்றால், 1957-இல் பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் சொன்ன காரணம்தான். அணு உலைத் திட்டத்தைக் குழு நொடியில் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் அது யாருக்கும் புரியாது. சைக்கிள் கொட்டகை என்றால் ஆளாளுக்கு ஒரு யோசனை. சரி, கருத்துக்கென்றே தனி வீடு கட்டிவிடலாமே? ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்காரர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். 2010-இல் ‘ப்ரோகிராமர்ஸ்’ என்று ஒரு தளம் திறந்தார்கள். அங்கேயும் போகப் போக விதிகள் இறுகின. 2016-இல் அது ‘சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்’ என்று பெயரே மாறி நிற்கிறது.

இனிச் சிரிப்பு வேண்டாம். அந்தப் பெண் கேள்வி கேட்ட அதே தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய தரவுத்தளங்களில் பழுத்த கை. எவ்வளவு சின்னக் கேள்விக்கும் கோபப்படாமல், படிப்படியாக எழுதுவார். இப்படி ஒரு ‘எது நல்லது’ சண்டையில் யாரோ ஒருவர், “பழைய ஆளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது” என்று எழுதினார். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. அன்றோடு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வராததை யாரும் கவனிக்கக்கூட இல்லை, அத்தனை சத்தம்.

சில மாதம் கழித்து ஒரு பையன் கேட்டான். பழைய தரவுத்தளம் நின்றுபோய்விட்டது, ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவெல்லாம் அதற்குள் இருக்கிறது, எப்படி மீட்பது என்று. பெரியவர் இருந்திருந்தால் பத்தே வரி எழுதியிருப்பார். அந்தக் கேள்வி யாருமே பதில் எழுதாமல் அப்படியே கிடக்கிறது.

நடுவர் அவர்களே, அந்தப் பெரியவரைத் திரும்ப அழைத்துவர எதிரணியிடம் ஒரு வழி இருந்தால் சொல்லட்டும். தீர்ப்பை நானே அவர்கள் கையில் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.