குளோன் பூனைக்கு ஏன் ஆரஞ்சு கலர் வரல?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி.

2001 டிசம்பர்ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில முதல் குளோனிங் பூனைக்குட்டி பொறந்துச்சு, பேரு சிசி. எந்த பூனையோட செல்ல எடுத்து செஞ்சாங்களோ அது பேரு ரெயின்போ, மூணு கலர் பூனை. குளோன்னா அச்சு அசலா இருக்கணும்ல? குட்டி மேல ஆரஞ்சு ஒரு பொட்டு கூட இல்ல!

விஷயம் செல்லுக்குள்ள ஜீன்கள சுமக்குற எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ். ரெயின்போவுக்கு ஒரு எக்ஸ்ல ஆரஞ்சு ஜீன், இன்னொண்ணுல ஆரஞ்சு இல்லாதது. (வெள்ளைக்கு வேற ஜீன், அத விடுங்க.) கருவுல இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டுல ஒரு எக்ஸ வேலை செய்யாம மூடிடும், அப்புறம் அந்த செல்லுல இருந்து வர்றது எல்லாமே அதே எக்ஸத்தான் மூடி வச்சிருக்கும், அதான் திட்டுத்திட்டா கலர். சிசிக்கு எடுத்த செல்லுல ஆரஞ்சு எக்ஸ் ஏற்கனவே மூடிக் கெடந்துச்சு, குளோன் பண்ணப்பவும் தொறக்கல, அவ்ளோதான்.

1949-லயே கனடாவுல பார், பெர்ட்ராம்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பெண் பூனையோட நரம்பு செல்லுல ஒரு கரும்புள்ளிய பாத்துட்டாங்க. அது சுருட்டி மூடின எக்ஸ்னு அப்ப தெரியாது. 1961-ல மேரி லயன்ங்கிற விஞ்ஞானி எலியோட முடி கலர வச்சு இந்த மூடுற கதைய சொன்னாங்க. எனக்கு இதுல பிடிச்சதே இதான், மைக்ராஸ்கோப்ப விட எலித்தோல் தெளிவா சொல்லியிருக்கு.

சரி எதுக்கு மூடணும்? ஆம்பளைக்கு ரெண்டாவது எக்ஸுக்கு பதிலா இருக்குற வை குரோமோசோம் தேஞ்சு போனதாலதாங்க. எக்ஸும் வையும் ஒரு காலத்துல ஒரே மாதிரி ஜோடி, அப்புறம் ஒண்ணுல ஆணாக்குற ஜீன் வந்து உக்காந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டும் துண்டு மாத்திக்கிறது படிப்படியா நின்னு போச்சு, மாத்தலன்னா ரிப்பேரும் இல்ல, கோடிக்கணக்கான வருஷத்துல வை ஒவ்வொரு ஜீனா தொலைச்சுச்சு. எக்ஸ்ல 800-க்கு மேல ஜீன் இருக்கு, வையில சில டஜன்தான். ஆம்பளைக்கு அந்த ஜீன்லாம் ஒரு காப்பி, பொம்பளைக்கு ரெண்டு. அளவு சரியாகணும்ல, அதுக்குத்தான் ஒரு எக்ஸுக்கு பூட்டு. பூட்டுறது எக்ஸிஸ்ட்னு ஒரு ஜீன், 1991-ல கண்டுபிடிச்சாங்க. அதுல இருந்து புரோட்டீன் வராது, அந்த ஜீனோட நகலா வர்ற ஆர்என்ஏ-தான் அந்த எக்ஸ் மேலயே போர்வை மாதிரி படிஞ்சு அமுக்கிடும்.

ஆனா பூட்டு முழுசா இல்ல. மனுஷங்கள்ல மூடின எக்ஸ்லயும் ஏறக்குறைய 15 சதவீதம் ஜீன் வேலை செஞ்சுட்டேதான் இருக்கு. ஒரே எக்ஸோட பொறக்குற பொண்ணுங்களுக்கு டர்னர் சிண்ட்ரோம்னு உயரம் கம்மி, கருப்பை பக்கத்து சினைப்பை பிரச்சனைனு வர்றது அதனாலதான், மூடினது சும்மா கெடக்குற சரக்குன்னா ஒண்ணு இல்லாட்டி என்னனு போயிருக்கும்ல.

யாரோ கை தூக்குறீங்க, ஆண் பூனைக்கு மூணு கலர் வருமான்னா? அபூர்வமா வரும். பெரும்பாலும் அதுக்கு ரெண்டு எக்ஸ், கூடவே ஒரு வை. செல்லு வை இருக்கான்னு பாக்காது, எக்ஸ் எத்தனைன்னுதான் எண்ணும், ஒண்ண விட்டுட்டு மிச்சத்த மூடிடும். அந்த பூனைங்களுக்கு பொதுவா குட்டி பொறக்காது.

அடுத்த கேள்வி?