தண்ணீரில் இறங்கினோம், பந்தியில் விலகினோம்

நடுவர் அவர்களே, சேகர குருவானவர் அவர்களே, கன்வென்ஷன் பந்தலில் பனியையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, எதிரணியில் வீற்றிருக்கும் என் அன்புக்குரிய அண்ணாச்சிமார்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

“வேதத்தின் தெளிவான கட்டளைகளில் நாம் அதிகம் மீறுவது ஞானஸ்நானத்தையா, சபை ஐக்கியத்தையா?” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஐக்கியத்தையே, அதாவது விசுவாசிகள் பாகுபாடின்றி ஒன்றாய் உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடுவதையே, என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரியை ரதத்திலிருந்து இறக்கினார். “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன” என்ற வசனத்தை அவர் சொன்னபோது பந்தலில் பாதிப்பேர் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிறகு அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைக் கொண்டுவந்தார். 1812இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பலிலேயே வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, அதனால் தம்மை அனுப்பிய சங்கத்தின் ஆதரவையே விட்டுக்கொடுத்தார் ஜட்சன். எல்லாம் உண்மை. கட்டளை தெளிவானது, கீழ்ப்படிந்தவர் பெரியவர். இதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

ஆனால் தலைப்பு, கட்டளை எது என்று கேட்கவில்லை. எதை அதிகம் மீறுகிறோம் என்று கேட்கிறது. கட்டளையின் மகிமையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த அண்ணாச்சி, மீறுகிறவர்களின் கணக்கைக் காட்டவில்லை. அந்தக் கணக்கை நான் காட்டுகிறேன்.

முதலில் அந்தியோகியாவுக்குப் போவோம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பவுல் சொல்கிறார்: “பேதுரு அந்தியோகியாவுக்கு வந்தபோது, அவன்மேல் குற்றஞ்சுமந்ததினால், நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்.” எந்தப் பேதுரு? பெந்தெகொஸ்தே நாளில் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்று எருசலேமில் முழங்கிய பேதுரு. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில், “இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா” என்று கேட்ட அதே பேதுரு. தண்ணீர் விஷயத்தில் அவர் மேல் ஒரு புள்ளி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து யூதச் சகோதரர் சிலர் வந்ததும், யூதரல்லாத புறஜாதிச் சகோதரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பந்தியிலிருந்து மெல்ல எழுந்துவிட்டார். பர்னபாவும் பின்னாலேயே எழுந்துவிட்டார்.

அந்தியோகியாவில் எழுந்தவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. எதிரணியின் கணக்குப்படி அங்கே பிரச்சினையே கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடு நிறைவாக இருக்கிறது. பவுலோ, அவர்கள் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி சரியாய் நடக்கவில்லை என்று எழுதுகிறார். ஒரு இலையிலிருந்து எழுந்ததற்கா இவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று கேட்பீர்கள். ஆம், இலையிலிருந்து எழுந்ததற்குத்தான்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலையில். அடுத்த ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் யார் தெரியுமா? ஐந்து அடிமைகள். தமிழ்நாட்டுப் புரொட்டஸ்டன்ட் சபையின் முதல் ஞானஸ்நானப் பெயர்கள், எஜமான் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பெயர்கள். அந்தத் தண்ணீரில் ஆரம்பித்த சபை அடுத்த நூறு ஆண்டுகளில் என்ன செய்தது? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார இடம் வைத்தது. திருவிருந்துக்கு, அதாவது நற்கருணைக்கு, யார் முதலில் எழுந்து வருவது என்பதற்கு வரிசை வைத்தது. எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், நடுவர் அவர்களே! ஒருவர்கூட ஞானஸ்நானக் கட்டளையை மீறவில்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றுக் கடிதம் எழுதினார். சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனே, இறுதியாகக் கைவிட வேண்டும் என்றார். எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணைக்கு வர வேண்டும் என்பது உத்தரவு. என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே போனார்கள். ஞானஸ்நானம் எடு என்று சொன்னபோது எடுத்தவர்கள்தாம், பக்கத்தில் உட்கார் என்று சொன்னபோது வெளியே போனார்கள். இன்னும் ஒன்று சொல்கிறேன், சற்று வலிக்கும். நம் கோயில்களில் இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே, 1820களில் சபைக்குள் சாதியைத் திருத்த முயன்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். அவருடைய பாட்டை நான் விடப் போவதில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பக்தருக்கே எது முடியாமல் போனது என்பதைக் கவனியுங்கள்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் வைத்திருக்கிறேன். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவில் சுவர். அந்தச் சாதிக்கு அந்தக் கூடம், இந்தச் சாதிக்கு இந்தக் கூடம். 1910இல் சபைத் தலைமையே சுவரை அகற்றியது. உடனே என்ன செய்தார்கள்? வழக்குப் போட்டார்கள். எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், கோரிக்கை நிலைக்கவில்லை. பட்சபாதம் கூடாது என்கிற யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை நீதிமன்றம் வந்து நமக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உயிர்த்தெழுதலின் நாளில் எந்தப் பக்கத்தார் முதலில் எழும்புவார்கள் என்று அதைக் கட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு நல்ல வாதத்தை வைத்தார். ஞானஸ்நானம் கண்ணுக்குத் தெரிகிற செயல், செய்தாயா இல்லையா என்று கேட்டுவிடலாம். ஐக்கியம் உள்ளத்தில் இருப்பது, அதை மீறினாயா என்று எப்படி அளப்பது என்றார். தம்பி, உள்ளத்தை விடுங்கள். யாக்கோபு நாற்காலியைப் பற்றி எழுதுகிறார். மினுக்குள்ள வஸ்திரம் தரித்தவனைப் பார்த்து இங்கே உட்காரும் என்றும், தரித்திரனைப் பார்த்து, “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு” என்றும் சொல்லாதே என்கிறார். பவுல் கொரிந்தியருக்குச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி எழுதுகிறார்: “நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” யார் எங்கே உட்கார்ந்தார், யார் யாருக்காகக் காத்திருந்தார்? சேகரச் செயலாளர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற கட்டளை வேறு என்ன வேண்டும்?

பிலிப்பி சிறைச்சாலைக்காரனையும் எதிரணி மேற்கோள் காட்டியது. இராத்திரியிலே அந்நேரத்திலேயே ஞானஸ்நானம் பெற்றான், எவ்வளவு சீக்கிரக் கீழ்ப்படிதல் என்றார்கள். வசனத்தை அதற்கு மேல் வாசிக்கவில்லை. நான் வாசிக்கிறேன். தண்ணீருக்கு முன்னால் அவன் பவுல், சீலாவின் காயங்களைக் கழுவினான். தண்ணீருக்குப் பின்னால் அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு போட்டான். சில மணி நேரத்துக்கு முன்னால் தொழுமரத்தில் கால்களை மாட்டி வைத்திருந்த கைதிகள் அவர்கள். நாம் அந்த வசனத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம்.

வங்காளத்தில் அப்போது டேனிஷ் ஆட்சியில் இருந்த செராம்பூரில் நடந்ததைச் சொல்லாமல் என் நேரத்தை முடிக்க மாட்டேன். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி ஏழு ஆண்டுகள் இந்தியாவில் உழைத்த பிறகு கிடைத்த முதல் வங்காள விசுவாசி கிருஷ்ணபால், தச்சுத் தொழிலாளி. கை மூட்டு நழுவியதற்கு மிஷன் மருத்துவர் சிகிச்சை செய்யப்போய் ஏற்பட்ட பழக்கம். 1800 டிசம்பர் 28இல் கேரி அவருக்கு ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்த நாளை. நான் நினைவூட்ட விரும்புவது அதற்கு ஆறு நாள் முந்திய 22ஆம் தேதியை. அன்று கிருஷ்ணபாலும் அவருடைய நண்பர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர் கொதித்தது. பெருங்கூட்டம் கூடி அவர்களை இழுத்துக்கொண்டு டேனிஷ் அதிகாரியின் முன்னால் நிறுத்தியது. ஞானஸ்நானம் இன்னும் நடக்கவே இல்லை! சாப்பாட்டுக்குத்தான் இவ்வளவு ஆரவாரம். எந்தக் கட்டளை சாதியின் வேரில் கை வைக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து 1803இல், ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிராமண இளைஞர் அந்தத் தச்சரின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் கோகுல் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள்: மிஷனரி மார்ஷ்மேன், கேரியின் மகன் பெலிக்ஸ், ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிராமணர், ஞானஸ்நானம் பெற்ற ஒரு முஸ்லிம். கலப்புத் திருமணம், பொதுக் கல்லறை என்ற இரண்டையும் மூன்றே ஆண்டுகளில், ஒரு சின்னச் சபை செய்துகாட்டிவிட்டது. நாம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு கிறிஸ்தவப் பத்திரிகையில் என்ன விளம்பரம் கொடுக்கிறோம்? “இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை.” அடுத்த வரியில் சாதிப் பெயர், சில நேரம் உட்பிரிவும். தேவ சித்தம் என்று கடைசியில் ஒரு வார்த்தை. கர்த்தருடைய சித்தம் அந்த உட்பிரிவைத் தாண்டி வராது என்று எப்படித் தெரிந்தது? கைதட்டுகிறீர்கள், கைதட்டுகிறவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஞானஸ்நானத்தை மீறுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோர் செய்துவிட்டதால் இனி நான் யோசிக்க ஒன்றுமில்லை என்று இருக்கும் இரண்டாம் தலைமுறை இருக்கிறது. இரகசியமாக விசுவாசித்துவிட்டுத் தண்ணீருக்குத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருடைய தயக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்காரர் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பு, வேலை, எல்லாவற்றையும் நினைத்து ஒரு தகப்பன் தண்ணீரின் கரையில் நிற்கிறான். அவன் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. ஜட்சன் விலை கொடுத்தாரே என்று எதிரணி கேட்கலாம், கேளுங்கள், நியாயம்தான். ஆனால் அவனை நோக்கிக் கை நீட்டுவதற்கு முன்னால், ஐக்கியத்தை மீறுகிற நமக்கு என்ன விலை இருக்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்துத் தெருக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்தால் எந்த அரசாணை நம் சலுகையைப் பறிக்கிறது? ஒன்றுமில்லை. பயத்தால் மீறுகிறவன் ஒருவன். நாம் பெருமையால் மீறுகிறோம்.

தண்ணீரையே ஐக்கியத்தை உடைக்கும் ஆயுதமாக்கிவிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கு எடுத்து வேறு சபைக்குப் போன பிள்ளை, தாய்ச்சபையின் அசனத்தில், அதாவது பொது விருந்தில், கை நனைக்க மறுக்கிறது. தாய்ச்சபை பதிலுக்கு, அந்தக் குடும்பத்துக்குக் கல்லறையில் இடம் இல்லை என்கிறது. இரண்டு பக்கமும் வசனம் வைத்திருக்கிறது. கொரிந்துவில் இதே சண்டை வந்தபோதுதான் பவுல் சலித்துப்போய், கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டார் தவிர யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுத்ததாக நினைவில்லை என்று ஸ்தோத்திரம் சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்ததற்கு அல்ல, கொடுக்காததற்கு அப்போஸ்தலன் ஸ்தோத்திரம் செலுத்துகிற இடம் வேதத்தில் அது ஒன்றுதான். திருமண்டலத் தேர்தல் நேரத்தில் நம் ஊரில் நடப்பதைப் பார்த்திருந்தால் இன்னும் என்ன எழுதியிருப்பாரோ!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே கேள்வி, எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு. ஞானஸ்நானம் பெறாதவரைத் திருவிருந்துக்கு அனுமதிக்காத சபைகள் எத்தனையோ உண்டு; பதிவேட்டைப் பார்த்துத்தான் அனுமதிப்போம் என்பார்கள். சாதி பார்த்துச் சம்பந்தம் செய்ததற்காக, பக்கத்தில் உட்கார மறுத்ததற்காக, ஒருவரையாவது அந்த மேசையிலிருந்து திருப்பி அனுப்பிய பதிவேடு உங்கள் சபையில் இருந்தால் இந்த மேடைக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவந்தால் என் அணி தோற்றதாக நானே எழுதிக் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.