பகலில் ஒளிரும் கோள்கள்

(தண்டையார்பேட்டையில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். நான் பேச எழுந்தபோது இந்த அறையின் வலப்பக்க டியூப் லைட் இரண்டு முறை துடித்த பிறகே எரிந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதனுள்ளே எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோதுகின்றன. மோதப்பட்ட அணுக்கள் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியை உமிழ்கின்றன. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெண்பொடி அதை வாங்கி நமக்கு வெளிச்சமாக மாற்றித் தருகிறது. வியாழன், சனி முதலிய பெருங்கோள்களின் மேல்வளியிலும் ஏறத்தாழ இவ்வகை நிகழ்ச்சிகளே நடக்கின்றன. அங்கே சோக்கும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, சூரியனே போதும்.

அக்கோள்களின் மீத்தேன் படலத்துக்கு மேலே பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே உள்ளன. சூரியனிலிருந்து வரும் 121.6 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தனி ஹைட்ரஜன் அணு விழுங்கி, அதே அலைநீளத்திலேயே திரும்ப உமிழ்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறோ வேறு சில நுண்ணிய அலைநீளங்களை ஏற்று, பல நிறமாலைக் கோடுகளாகப் பிரித்து வெளியிடுகிறது. இவற்றைவிட எனக்குச் சுவையாகப் படுவது மூன்றாம் வழி. சுமார் 80 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளக் கதிர் ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. அந்த எலெக்ட்ரான் போகிற வழியில் அடுத்த மூலக்கூறை மோதி அதையும் ஒளிர வைக்கிறது. டியூப் லைட்டுக்குள் நடப்பதன் நெருங்கிய உறவு இது.

1986 ஜனவரியில் நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது, அங்கே பகல் பக்கத்தில் மட்டும் எதிர்பாராத அளவு புற ஊதா ஒளிர்வு தென்பட்டது. பூமியை எட்டும் வெயிலில் 370இல் ஒரு பங்கே அங்கு விழுகிறது. சூரியனும் அந்த ஆண்டில், அதன் செயல்பாடு கூடிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியின் தணிந்த நிலையில் இருந்தது. ஆகவே, எலெக்ட்ரான்களுக்குக் கோளே ஏதோ ஒரு முறையில் விசை கூட்டுகிறது என்று கருதி, அதற்கு ‘எலெக்ட்ரோகுளோ’ என்று பெயரும் சூட்டினர். பெயர் வைக்கும் அவசரம் எல்லாத் துறைக்கும் பொது. பின்னர், ஒளி ஏற்பு, எலெக்ட்ரான் மோதல், ஒளிச்சிதறல் ஆகிய மூன்றையும் சேர்த்து விரிவாகக் கணக்கிட்டவர்கள், சூரிய ஒளியைக் கொண்டே பெரும்பகுதியை விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். பகல் பக்கம் மட்டும் ஒளிர்ந்தது என்பதே முதல் சாட்சியாக இருந்தது. காந்தப்புலம் வழியே பாய்ந்து வரும் துகள்கள் உண்டாக்கும் துருவ ஒளிக்கு இந்தப் பகல், இரவுக் கட்டுப்பாடு இல்லை.

முன்வரிசை மாணவி ஒருவர் கேட்டார்: “அப்படியானால் இரவுப் பக்கம் முழு இருட்டா, ஐயா?”

முழு இருட்டு இல்லை, அம்மா. வியாழனின் இரவுப் பக்கத்திலும் 121.6 நானோமீட்டரில் ஒரு மங்கல் ஒளியை வாயேஜர் பதிவு செய்தது. கோள்களுக்கு இடையே பரவியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் சூரிய ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அதில் ஒரு பங்கு வியாழனின் முதுகிலும் விழுகிறது.