பாதியில் நிறுத்திய படம்

நேயர்களுக்கு வணக்கம். கூடத்து டிவியில் அப்பா ஒரு பழைய படம் பார்க்கிறார். முக்கால் மணி நேரத்தில் முதுகு வலி. எழுந்து உள்ளறைக்குப் போய் அங்கே போட்டால், படம் மறுபடி முதலிலிருந்து! படங்கள் என்னவோ ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன. எதுவரை பார்த்தோம் என்ற கணக்கைத்தான் ஒவ்வொரு டிவியும் தனித்தனியாக மடியில் முடிந்து வைத்திருந்தது.

எங்கள் வீட்டில் டிவிகளில் படம் ஓட்டுவது ‘கோடி’ என்ற இலவச மென்பொருள். நம் நூறு லட்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி. அது அந்தந்தக் கருவிக்குள் எழுதும் கணக்கை, எல்லாருக்கும் பொதுவான ஒரு மரியாடிபி (தரவுத்தள மென்பொருள்) சர்வரில் எழுத வைக்கலாம்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரே போதும். நான் பழைய லேப்டாப் கட்சி. கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும், எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் அறுந்து போகாது. ரௌட்டரில் அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவிய மரியாடிபி 127.0.0.1-இல் மட்டுமே காது கொடுக்கும், அதாவது தனக்குத் தானே பேசிக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் இந்த முகவரி இருக்கும் வரியை மாற்றினால்தான் மற்ற டிவிகள் 3306-ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக உள்ளே வரும். அந்த போர்ட்டை வீட்டுக்கு வெளியே மட்டும் திறந்துவிடாதீர்கள்.

நான் சறுக்கியது வேறிடத்தில். லேப்டாப்பிலேயே உட்கார்ந்து, அதன் உள் ஃபோல்டரையே படங்களின் இடமாகச் சேர்த்தேன். உள்ளறை டிவியில் போஸ்டர் வந்தது, பெயர் வந்தது, அழுத்தினால் கோப்பு இல்லை என்றது. இல்லாமல் என்ன செய்யும்? ‘நம்ம பீரோ மேல் தட்டு’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வழி சொன்ன கதைதான். எல்லாக் கருவிக்கும் விளங்கும் சம்பா அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறைகள்) முகவரியாகச் சேர்த்த பிறகே படம் ஓடியது.

எல்லா டிவியிலும் கோடியின் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும். 20-ஆம் பதிப்பு ‘மைவீடியோஸ்121’ என்ற தரவுத்தளத்தில் எழுதும், 21 ‘மைவீடியோஸ்131’-இல். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் கணக்கு மறுபடி இரண்டாகிவிடும்.

இப்போது அப்பா விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார். சில ராத்திரி பார்க்கும்போதே தூங்கிவிடுவார். படம் தானாக ஓடி முடிந்து, எல்லா டிவியிலும் ‘பார்த்தாயிற்று’ என்று டிக் விழுந்துவிடுகிறது. அதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.