வேலை பாக்கவா, வித்துட்டு வேற எடுக்கவா?

வணக்கம் நேயர்களே. என்னைய இங்க பேசக் கூப்பிட்டப்ப, எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மைக் பிடிக்கத் தெரியாதேன்னு சொன்னேன். அதெல்லாம் ஒன்னும் இல்ல, பட்டறையில கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்கன்னுட்டாங்க. சரி, அப்படியே பேசுதேன். தூத்துக்குடியில 28 வருஷமா கார் பட்டறை வச்சிருக்கேன். வாரவங்கள்ல பாதிப் பேரு கேக்குறது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, இதுக்கு வேலை பாக்கவா, இல்ல தள்ளி விட்டுட்டு வேற எடுத்துரவா?"

போன மாசம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தாரு. 2011 மாடல் சின்ன டீசல் கார், மீட்டர்ல 2,64,000 கிலோமீட்டர். காலையில ஸ்டார்ட் பண்ணா மூணு செகண்டுக்கு கரகரன்னு டைமிங் செயின் சத்தம், கிளட்ச் மேல வந்துதான் பிடிக்குது, பாலம் ஏறுனா இழுவை இல்ல, முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் போயி குழியில விழுந்தா மாட்டு வண்டி மாதிரி கடகடங்குது, ஏசி கூல் ஆகல, நாலு டயரும் வழுக்கை. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டினேன், 1,10,000 ரூவா வந்துட்டு. அவரு ஒன்னும் சொல்லல, கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு.

மகன் பெங்களூர்ல இருக்கான். ஸ்பீக்கர்ல போட்டாரு. "அப்பா, அந்த வண்டிய வித்தாலே 1,75,000 தான் வரும், அதுக்குப் போயி யாராவது 1,10,000 செலவழிப்பாங்களா, ரிப்பேர் பில்லு வண்டி விலையில பாதியத் தாண்டுனா தூக்கிப் போட்டுறணும்"னான். இந்தப் பாதிக் கணக்கு ஊர் பூரா இருக்கு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, இன்சூரன்ஸ்காரங்க வச்சிருக்குற கணக்கு மாதிரி இருக்கு. ஆக்சிடென்ட் ஆன வண்டிக்கு ரிப்பேர் செலவு ஐடிவியில, அதாவது பாலிசியில வண்டிக்குன்னு போட்டிருக்குற மதிப்புல, 75 சதவீதத்தத் தாண்டுனா அவங்க வண்டியவே டோட்டல் லாஸ்னு முடிச்சுருவாங்க. அவங்களுக்கு அது சரி, காச ஒரு தடவ குடுத்துட்டா அவங்க ஜோலி முடிஞ்சுது. வாத்தியாருக்கு ஜோலி முடியலையே, அவரு நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும்லா?

அதனால நான் மகன்கிட்ட சொன்னேன், தம்பி, பில்ல இந்த வண்டியோட விலையோட ஒப்பிடாதீங்க, அடுத்து வாங்கப் போற வண்டிக்கு மாசம் எவ்வளவு போகும்னு பாத்து அதோட ஒப்பிடுங்க. பேனா எடுத்துப் போட்டுக் காட்டுனேன். 1,10,000 ரூவா வேலை குறைஞ்சது மூணு வருஷம் தாங்குதுன்னு வச்சுக்கிடுங்க, மாசம் 3,050 ஆச்சு. வருஷா வருஷம் ஆயில் சர்வீஸ், சில்லறை வேலைன்னு ஒரு 30,000 போட்டா மாசம் 2,500. ரெண்டும் சேந்து 5,500 சொச்சம். இப்ப புது வண்டிக்கு வாங்க. 2025 செப்டம்பர்ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆக்குனாங்க, விலை குறைஞ்சது வாஸ்தவம்தான், ஆனா நம்ம தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்கு 13 சதவீதம் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, அது இதுன்னு ரோட்டுல இறங்கும்போது 9 லட்சம். 1 லட்சம் கையில இருந்து போட்டு 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 16,600. வட்டி மட்டும் 1,96,000, அதுல என் பில்ல கிட்டத்தட்ட ரெண்டு தடவ கட்டிரலாம். மகன் சும்மா இருப்பானா, அஞ்சு வருஷம் கழிச்சு புது வண்டிக்கு ஒரு விலை இருக்கும்ல அண்ணாச்சின்னான். நல்ல கேள்வி. 4 லட்சத்துக்குப் போகும்னு வச்சுக் கழிச்சாலும் மாசம் 11,600 வருது. அப்பமும் டபுள்தான். இதுக்கு மேல அந்த வண்டிக்கும் பெட்ரோல் போடணும், சர்வீஸ் விடணும்.

ஆனா இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது பாத்துக்கிடுங்க. வாத்தியார் மாசத்துக்கு 600 கிலோமீட்டர் ஓட்டுனா பெருசு. திருச்செந்தூர் போவாரு, நெல்லைக்கு கண் ஆஸ்பத்திரிக்குப் போவாரு. இதே மஞ்ச போர்டு போட்டு தினமும் மதுரை ஏர்போர்ட் சவாரி அடிக்கிறவன்னா, ஒரு நாள் வண்டி வழியில நின்னாலே அவன் சவாரியும் போச்சு, பார்ட்டியும் போச்சு. அவனுக்கு நானே புதுசு எடுன்னுதான் சொல்லுவேன்.

இன்னொன்னு, அந்த பில்லுல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கணும். டயர் 20,000, கிளட்ச் செட்டு 12,000, சஸ்பென்ஷன் 16,000. இந்த 48,000 தேய்மானம், வண்டிக்கு வயசாச்சுங்குறதால வந்த செலவு இல்ல. செருப்பு தேயுற மாதிரி, புது வண்டி எடுத்தாலும் சில வருஷத்துல இது வந்தே தீரும். மிச்சம் 62,000 தான் வயசுக்கான செலவு. செயின் கிட்டு, இன்ஜெக்டர், ஏசி கூலிங் காயில், ரேடியேட்டர். அதையும் பண்ணலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் உள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்கு பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம். வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆயில் மூடியக் கழட்டி அது மேலயே சும்மா வைங்க. டீசல் இன்ஜின்னா லேசா ஆடும், அது பரவால்ல. மூடி துள்ளிக் கீழ விழுந்து புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சு கம்ப்ரஷன் கீழ இறங்குதுன்னு அர்த்தம். மூடிக்கு அடியில பால்காப்பி நிறத்துல கொழகொழன்னு ஒட்டி இருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட்டப் பாக்கணும். சைலன்சர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குற வண்டிக்கு ஏசி வேலை எல்லாம் பாத்து என்ன செய்ய? வாத்தியார் வண்டியில மூடி ஆடவே இல்ல. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாத்தோம், நாலு சிலிண்டரும் ஒன்னுக்கொன்னு பக்கத்துல நின்னுச்சு. 2,64,000 கிலோமீட்டர்னா ஆளுங்க பயப்படுதாங்க, நேரத்துக்கு ஆயில் மாத்துன டீசலுக்கு அது ஒரு வயசே இல்ல.

அவரு நேரத்துக்கு மாத்திருக்காருன்னு எப்படித் தெரியும்னா, வீட்டு பால் கணக்கு நோட்டு ஒன்னு கொண்டு வந்தாரு. முன்பக்கம் பால் கணக்கு, திருப்பிப் போட்டா பின்பக்கம் வண்டிக் கணக்கு. தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ரூவா, எல்லாம் அந்த போர்டு கையெழுத்துல. கடைசி மூணு வருஷத்துல 68,000 ஆயிருக்கு. நான் தொகையப் பாக்கல, ஒரே வேலை திரும்பத் திரும்ப வருதான்னு பாத்தேன். ஒரே வருஷத்துல ரேடியேட்டர் மூணு தடவன்னு இருந்தா வேற எங்கயோ கோளாறு இருக்கு, அந்த வண்டி உங்க காச உறிஞ்சிக்கிட்டே இருக்கும். இவரு நோட்டுல ஒன்னு கூட ரெண்டு தடவ வரல.

ஸ்பேர் கிடைக்குமான்னும் பாக்கணும். சில வண்டிக்கு கம்பெனியே ஊர விட்டுப் போயிருக்கும், ஒரு ஹெட்லைட்டுக்கு மூணு மாசம் காத்துக் கிடக்கணும். வாத்தியாருக்கு அந்தக் கவலை இல்ல, அது பியட்காரன் டிசைன் பண்ண 1,248 சிசி டீசல். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோன்னு அத்தனை வண்டியிலயும் வந்த இன்ஜின். மாருதி 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்ப டீசலையே நிறுத்திட்டாலும் ஸ்பேர் இன்னமும் எல்லா ஊர்லயும் கிடைக்குது.

இவ்வளவு சொன்னேன்ல, இதெல்லாம் இருந்தும் நான் அன்னைக்கு வேலை பாக்கலாம்னு சொல்லல. ஒன்னு பாக்கி இருந்துச்சு, அதான் துரு.

நம்ம ஊர் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். ஈரத்தோட உப்பு சேந்தா இரும்பு ஓயாம அரிக்கும். அது மேல தெரியுற கதவு ஓரத்துல ஆரம்பிக்காது, அடியில, கதவுக்குக் கீழ நீளமா போகுமே ரன்னர், அதுக்குள்ள ஆரம்பிக்கும். தண்ணி வடியுறதுக்குன்னு அதுல குட்டிக் குட்டி ஓட்டை விட்டிருப்பான், மண்ணு போயி அடைச்சுக்கிடும், உள்ள தண்ணி நின்னு உள்ள இருந்தே தின்னும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஏசி தண்ணி வெளியேறுற குழாய் அடைச்சா அந்தத் தண்ணி உள்ள இறங்கி கால் வைக்குற மேட்டுக்கு அடியில நிக்கும், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது, கார்ல ஒரு மாதிரி ஈர நாத்தம் அடிக்குதுன்னு சென்ட் வாங்கி மாட்டுவாரு.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்கிட்ட ஒரு பழைய வேன் இருந்துச்சு, சொந்த வண்டி, ஸ்பேர் ஏத்திட்டு வர. இன்ஜின் போச்சுன்னு நானே இறக்கி, லேத்துல குடுத்து சிலிண்டர் போர் அடிச்சு, புது பிஸ்டன் போட்டு, ராத்திரி ராத்திரியா உக்காந்து ஏத்துனேன். தங்கம் மாதிரி ஓடுச்சு. நாலாவது மாசம் கோவில்பட்டியில இருந்து வரும்போது டிரைவர் சீட்டு ஒரு பக்கமா சாஞ்சுது, என்னடான்னு இறங்கிப் பாத்தா சீட்டு போல்ட்டப் பிடிச்சிருந்த தகடே இல்ல, ரோடு தெரியுது. 28 வருஷ மெக்கானிக், மேட்டத் தூக்கிப் பாக்கல. டிங்கர் வந்து பாத்துட்டு, அண்ணாச்சி இதுல வெல்டிங் வைக்கிறதுக்கு நல்ல தகடு எங்க இருக்கு காட்டுங்கன்னான். புது இன்ஜினோட காயலான் கடைக்குப் போச்சு. ஆங், அப்படி வண்டியப் போட்டா ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சிய கேன்சல் பண்ணிருங்க, இல்லன்னா நம்பர் உங்க பேர்லயே நிக்கும். இப்ப அரசாங்கம் அனுமதி குடுத்த ஸ்கிராப் சென்டர்ல போட்டா சர்டிபிகேட் ஒன்னு தருவான், அதக் காட்டி புது வண்டி எடுத்தா ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் கிடையாது.

அதே மாதிரிதான் வெள்ளத்துல நின்ன வண்டி. 2023 டிசம்பர் 17, 18 யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அதுக்கப்புறம் மூணு மாசம் என் பட்டறையில நிக்க இடம் இல்ல. தண்ணி சக்கரத்தோட நின்னதெல்லாம் பிழைச்சுக்கிட்டு. சீட்டு வரைக்கும் ஏறுனது, அன்னைக்குக் கழுவி ஓட வச்சுக் குடுத்தோம், ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொன்னா திரும்பி வந்துச்சு, ஒயரிங் கனெக்டர்ல எல்லாம் பச்சையா பூத்துப் போயி, இன்னைக்கு பவர் விண்டோ, நாளைக்கு மீட்டர், அடுத்த நாள் ஸ்டார்ட்டே ஆகல. அந்த மாதிரி வண்டிக்கு நான் காசு வாங்கவே யோசிக்கேன். பழைய வண்டி வாங்குறவங்க சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழுத்துப் பாருங்க, அடி நுனியில சேறு கறை இருக்கும், அத மட்டும் யாரும் கழுவுறதில்ல.

சரி, வாத்தியார் வண்டிக்கு வருவோம். லிஃப்ட்ல ஏத்தி, ஒரு மொட்டை ஸ்குரூடிரைவர எடுத்து ரன்னர்ல ஒவ்வொரு சாணுக்கும் குத்திக்கிட்டே போனேன். டங்கு டங்குன்னு சத்தம் வந்தா தகடு இருக்கு. வலது பக்கம் பூரா டங்கு. இடது பக்கம் பின் கதவுக்கு நேரா வந்ததும் சத்தம் மாறி பொத்துன்னுச்சு, ஸ்குரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிட்டு. எடுத்தா பொடிப் பொடியா செங்கப்பொடி மாதிரி கொட்டுது. வாத்தியார் குனிஞ்சு அந்தப் பொடிய விரல்ல தொட்டுப் பாத்தாரு. மேட்டத் தூக்குனோம், முன்னாடி ஷாக் அப்சார்பர் ஸ்ட்ரட் மாட்டுற இடம், பின் ஆக்சில் பிடிக்குற இடம் எல்லாத்தையும் தட்டிப் பாத்தோம், அங்கெல்லாம் கெட்டியா இருந்துச்சு. அந்த ரெண்டு இடத்துல போயிருந்தா நான் விட்டுருங்க சார்னுதான் சொல்லிருப்பேன். இது ரெண்டு அடி நீளம் வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வைக்குற வேலை, டிங்கர் 12,000 கேட்டான். பட்டி வச்சு மூடித் தாரேன்னு சொல்றவனும் இருக்கான், பாதிக் காசுதான், அது புண்ணு மேல பவுடர் போடுற வேலை.

ஆர்சியும் இந்த வருஷம் 15 முடியுது. எஃப்சி காட்டி அஞ்சு வருஷத்துக்கு ரினீவல் பண்ணணும். முன்னெல்லாம் 600 ரூவா பீஸ், 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க, கூட பசுமை வரி. 15 வருஷம் ஆனா வண்டிய ஓட்டவே விட மாட்டாங்களாமேன்னு நிறையப் பேரு கேக்காங்க, அது டெல்லிப் பக்கத்துக் கதை, நம்ம ஊர் சொந்த வண்டிக்கு இன்னைக்கு வரைக்கும் அப்படி இல்ல. வண்டி கண்டிஷன்ல இருந்தா ரினீவல் ஆகும்.

ஆர்சி செலவு தனி, வண்டி வேலை மட்டும் எல்லாம் சேத்து 1,22,000. மறுபடி மகனுக்கு ஃபோன் போட்டோம். கணக்கு சரிதான் அண்ணாச்சி, ஆனா அந்த வண்டியில ஏர்பேக் ஒன்னு கூட கிடையாதே, சடன் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாக்குற ஏபிஎஸ் கிடையாதே, என் பொண்ணு லீவுக்கு வந்தா அதுலதான தாத்தாவோட சுத்துதான்னான். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? எல்லா புது கார்லயும் ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக் எல்லாம் கட்டாயம் ஆனது 2019லதான், பக்கத்து சீட் ஏர்பேக் அதுக்கும் அப்புறம்தான், 2011 வண்டியில அத நான் ஏத்த முடியாது. என் பேனாக் கணக்குல இது வரவே இல்ல, ஒத்துக்கிட்டேன். அதுக்காகவே வண்டிய மாத்துறேன்னு ஒருத்தர் சொன்னா நான் தடுக்கவும் மாட்டேன்.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நான் அம்பதுக்கு மேல போறதே இல்ல, வேலைய ஆரம்பிங்கன்னாரு. ஒரு கண்டிஷன் போட்டேன், டயர் விலை குறைஞ்சது வேண்டாம், நல்ல கம்பெனி டயரும் பிரேக்கும் நான் சொல்றதுதான், பேத்தி முன்னாடி உக்காரக் கூடாது, பின் சீட்ல பெல்ட் போட்டுத்தான். சரின்னு தலையாட்டுனாரு. நோட்டத் திருப்பிப் போட்டு அன்னைக்குத் தேதி எழுதி, 2,64,000ன்னு எழுதி, அட்வான்ஸ் 40,000ன்னு எழுதுனாரு. அப்புறம் அதுக்குக் கீழயே, பாப்பா பின் சீட், பெல்ட்டுன்னு எழுதி அடியில கோடு போட்டாரு. இடது பக்க ரன்னர நேத்துத்தான் வெட்டி எடுத்தோம். வர்ற வெள்ளிக்கிழமை வண்டிய இறக்குதோம்.