எந்த நாளிலிருந்து எண்ணுவது?

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். போன மாதம் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. அட்டை இல்லை. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரும், அச்சான ஆண்டும் இருக்கின்றன: 1938. “எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சே சார், ஏத்திடலாமே” என்றார் கூட வேலை செய்கிற தம்பி. ஏற்ற முடியாது. ஏனென்றால் அந்த ஆசிரியர் எப்போது இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். புத்தகத்தின் வயதை வைத்துப் பதிப்புரிமையை, அதாவது அதை அச்சிடவும் வெளியிடவும் உள்ள உரிமையை, கணக்கிட முடியாது. எழுதியவர் இறந்த ஆண்டுதான் கணக்கு. இந்தியச் சட்டப்படி அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1938இல் இளைஞராக எழுதியவர் 1990 வரை வாழ்ந்திருந்தால், அந்தப் புத்தகம் 2050 முடியும் வரை பூட்டித்தான் இருக்கும். இறந்தது மார்ச்சா டிசம்பரா என்பது முக்கியமில்லை. அந்த ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரி 1இலிருந்து எண்ண வேண்டும்.

அப்புறம், இதைக் காப்புரிமை என்று சொல்லாதீர்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான்.

தொடக்கத்தில் கணக்கு எளிதாகவே இருந்தது. 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், புதுப் புத்தகத்துக்கு வெளியான நாளிலிருந்து 14 ஆண்டுகள் தந்தது. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. தலைப்புப் பக்கத்தைப் பார்த்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். இன்று உலக நாடுகளில் பெரும்பாலானவை ஏற்றிருக்கும், பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை, ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் என்கிறது. அதற்கு மேல் அவரவர் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 70, மெக்சிகோவில் 100. ஆக, 1965இல் இறந்த ஒருவரின் எழுத்து இந்தியாவில் 2026 பிறந்ததும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. ஐரோப்பாவிலோ அதே வரிகளுக்கு 2035 கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியாவிலும் முன்பு 50தான். தாகூர் மறைந்தது 1941இல். 1991 முடிவில் அவர் எழுத்துகள் பொதுவாகும் நேரத்தில் சட்டத்தைத் திருத்தி இன்னும் 10 ஆண்டுகள் கூட்டினார்கள். தாகூரைப் படிக்க எப்போதும் ஆள் இருக்கும், அச்சிடவும் ஆள் இருக்கும். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள், மறுபதிப்பே காணாத எத்தனையோ பேருடைய நூல்களையும் சேர்த்துப் பூட்டின. அமெரிக்காவில் 1998இல் 20 ஆண்டுகள் கூட்டியதால், 1923இல் வெளியானவை 2019 வரை காத்துக்கிடந்தன. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. விற்கிற புத்தகத்துக்காக நீட்டிய காலம், விற்காத புத்தகத்தின் தாளையும் அல்லவா மக்க வைக்கிறது!

சரி, எல்லாமே இறப்பை வைத்துத்தானா? இல்லை. இந்தியாவில் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே படத்துக்கு இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனகர்த்தா, இசையமைப்பாளர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 70 எண்ண வேண்டும். புகைப்படத்துக்கு இந்தியாவில் முன்பு வெளியான நாள்தான் கணக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் இறப்பு. பழைய படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருக்கும். எடுத்தவர் பெயர் அநேகமாக இருக்காது.

ஒரு பாட்டில் இந்தச் சிக்கல் எல்லாமே சேர்ந்துவிடும். வரிகளும் மெட்டும் ஒரு பக்கம், அதை ஸ்டூடியோவில் பதிவு செய்த ஒலி இன்னொரு பக்கம். ஒலிப்பதிவின் காலம் முடிந்தும் பாடலாசிரியரின் உரிமை நீடிக்கலாம். அப்போது அந்தப் பழைய இசைத்தட்டை இணையத்தில் ஏற்ற அவர் வாரிசைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

வாரிசு கிடைக்காவிட்டால்? முறையாகத் தேடியும் உரிமையாளர் அகப்படாத நூல்களை நூலகங்கள் மின்வடிவில் தர ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வழி செய்தது. கனடாவில் அப்படிப்பட்ட படைப்புகளுக்கு ஒரு வாரியமே அனுமதி தருகிறது. எல்லா நாட்டுக்கும் இது வேண்டும் என்பது என் ஆசை.

உங்களால் இன்றே முடிகிற காரியம் ஒன்று உண்டு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஒரு சிறு நூலாவது எழுதியிருந்தால், அவர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மறுபதிப்பு போட்டால் அச்சிலும் சேருங்கள்.

அந்த 1938 புத்தகத்தை ஸ்கேன் செய்து வைத்துவிட்டோம். கோப்பு எங்கள் கணினியில் இருக்கிறது, வெளியிடவில்லை. தலைப்புப் பக்கத்தின் நகலை வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.