இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கப் போறீங்களா? லிட்டரை விடுங்க, கிலோவாட்டைப் பாருங்க

வணக்கம் மக்களே! டேங்க் இல்லாத கரன்ட் ஹீட்டர் வாங்கப் போனா, கடையில முதல்ல கேக்கறது "எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" அந்தக் கேள்வி டேங்க் ஹீட்டருக்குத்தான் சரி. இதுல தண்ணி சேர்த்து வைக்கறதில்ல, ஓடும்போதே சூடாகுது. அதனால நமக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதான்: நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி ஓடுது, அதை எத்தனை டிகிரி ஏத்தணும்.

முதல்ல தண்ணியை அளந்துடலாம். இதோ 10 லிட்டர் வாளி. ஷவரைக் குளிக்கற அளவுக்குத் திறந்துட்டேன், போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடுது. வாளி நிரம்ப 1 நிமிஷம் 40 செகண்ட், அதாவது 100 செகண்ட். அப்போ நிமிஷத்துக்கு 6 லிட்டர்.

அடுத்தது தெர்மாமீட்டர். குழாயை ஒரு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் வைங்க, ஏன்னா சுவத்துக்குள்ள இருக்கற பைப்ல நின்ன தண்ணி ரூம் சூட்டுல இருக்கும். இங்க காட்டுறது 18 டிகிரி. இந்த அளவை வருஷத்துலயே குளிர் ஜாஸ்தியான மாசத்துல, விடியக்காலையில எடுக்கணும். வெயில் காலத்துல அளந்து வாங்கினவங்கதான் பின்னாடி "தண்ணி சூடே ஆகல"ன்னு தவிக்கறாங்க.

குளிக்க 40 டிகிரி போதும். 18-ல இருந்து 40-க்கு 22 டிகிரி ஏத்தணும். நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓடுற தண்ணியை 1 டிகிரி ஏத்த சுமார் 70 வாட் வேணும். இந்த 70-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 6 பெருக்கல் 22 பெருக்கல் 70, 9240 வாட். அதாவது 9.2 கிலோவாட்.

இதே ஷவர்ல 3 கிலோவாட் ஹீட்டரை மாட்டினா? 3000-ஐ 70-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 43. அதை 6-ஆல வகுங்க, 7 டிகிரிதான் ஏறும். 18 டிகிரி தண்ணி 25 ஆகும், அவ்வளவுதான். ஹீட்டர்ல எந்தப் பழுதும் இல்ல, அதோட சக்தியே அவ்வளவுதான். அதே ஹீட்டர்ல நிமிஷத்துக்கு 2 லிட்டர் மட்டும் விட்டா 39 டிகிரி வந்துடும். வாளியில பிடிச்சுக் குளிக்கவும், கை கழுவவும் அது தாராளம்.

இங்க நிறைய பேர் ஒரு கணக்கு போடுவாங்க: "55 டிகிரியில வச்சு பச்சத்தண்ணி கலந்துக்கறேன், அப்போ சின்ன ஹீட்டர் போதும்ல?" போதாது. 55-ல வச்சா ஹீட்டர் வழியா 3.6 லிட்டர்தான் போகும், ஆனா அதை 37 டிகிரி ஏத்தணும். பெருக்கிப் பாருங்க, மறுபடியும் அதே 9 கிலோவாட் சொச்சம்தான் வரும்.

சரி, 9.2-ஐக் குறைக்க வழி இருக்கா? இருக்கு, தண்ணியைக் குறைக்கறதுதான். நிமிஷத்துக்கு 4 லிட்டர் போற ஷவர் ஹெட் போட்டா 6.2 கிலோவாட் போதும். ஹீட்டரைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி ஷவரை மாத்துங்கன்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் வயர்தான். 230 வோல்ட்ல 9.5 கிலோவாட் மாடல் 41 ஆம்பியர் இழுக்கும். அதுக்கு 50 ஆம்ப் பிரேக்கர், 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், அதுக்கு மேல வீட்டு மெயின் சப்ளையும் தாங்கணும். 7.5 கிலோவாட்னா 33 ஆம்பியர்கிட்ட. 32 ஆம்ப் பிரேக்கர் எப்பவும் விளிம்புலயே நிக்கும், 40 போடுங்க, வயரும் அந்த 40-ஐத் தாங்கற சைஸா இருக்கணும். இந்த மாதிரி லோடை ப்ளக்ல சொருகாதீங்க. தனி லைன் இழுத்து, பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்தே துண்டிக்கற டபுள் போல் ஸ்விட்ச் வச்சு, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற கருவி) கண்டிப்பா போடணும். வயரை ஹீட்டர்ல பிடிச்சு வைக்கற டெர்மினல் ஸ்க்ரூ லூஸா இருந்தா அந்த இடம்தான் முதல்ல கருகும்.

ஒரே நேரத்துல ரெண்டு குழாய் திறப்பீங்கன்னா ரெண்டையும் கூட்டணும். ரெண்டு ஷவரும் சிங்க்கும் சேர்ந்தா 18 கிலோவாட்டைத் தாண்டிடும், த்ரீ பேஸ் இல்லாம ஆகாது. அதைவிட ஒவ்வொரு குழாய் பக்கத்துலயும் ஒரு சின்ன ஹீட்டர் வைக்கறது எனக்குச் சரியாப் படுது. பைப் நீளம் குறையறதால சுடுதண்ணி வர்றதுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

இந்த லேபிளைக் கிட்ட காட்டறேன், பாருங்க: 8.5 கிலோவாட், பக்கத்துல பொடி எழுத்துல 240 வோல்ட். சக்தி வோல்டேஜோட ஸ்கொயர்ல குறையும். 230-ல இது 7.8 கிலோவாட்தான், 200-க்கு இறங்கினா 5.9. உங்க வீட்டு வோல்டேஜை சாயங்காலம், எல்லா வீட்லயும் லைட் எரியற நேரத்துல மீட்டர் வச்சுப் பாருங்க.

மொட்டைமாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணின்னா பிரஷரையும் கவனிங்க. 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் (பார்ங்கறது பிரஷரோட அளவு). லேபிள்ல போட்டிருக்கற குறைந்தபட்ச பிரஷர் வரலைன்னா தண்ணி ஓடறதை வச்சு ஹீட்டரை ஆன் பண்ற, உள்ள இருக்கற ஃப்ளோ ஸ்விட்ச் ஆன் ஆகாது, இல்லைன்னா சூடும் ஜில்லும் மாறி மாறி வரும். நல்லா ஓடிக்கிட்டிருந்த ஹீட்டர் திடீர்னு இப்படிப் பண்ணினா, தண்ணி உள்ள போற இடத்துல இருக்கற வலை ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. உப்புத்தண்ணியா இருந்தா, தண்ணியைச் சூடாக்கற எலிமென்ட்ல படிவு ஏறும், அதையும் அப்பப்போ எடுக்கணும்.

மாட்டினதும் உடனே ஸ்விட்ச் போட்டுடாதீங்க. முதல்ல தண்ணியைத் திறந்து, துப்பித் துப்பி வர்ற காத்து முழுசா போய், ஒரே சீரா ஓடற வரைக்கும் விடுங்க. அப்புறம்தான் கரன்ட். காத்தோட ஆன் பண்ணினா எலிமென்ட் சில செகண்ட்லயே கருகிடும்.